நீர் மாத்திரை எழுதினார்கள், ரத்தப் பரிசோதனை எழுதவில்லை

வீட்டில் யாராவது நீர் மாத்திரை, அதாவது உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை, சாப்பிடுகிறார்கள் என்றால், அவர்களுக்குக் கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தார்கள் என்று பாருங்கள். எங்கள் அம்மாவுக்கு மாதக்கணக்கில் மாத்திரை ஓடியது. பரிசோதனை ஒன்றுகூட இல்லை.

கணுக்கால் வீக்கத்துக்காகத்தான் அந்த மருத்துவரிடம் போனோம். விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. “நீர் கோத்திருக்கு” என்று சொல்லி ஃபுரோசமைடு 40 மில்லிகிராம், தினமும் ஒன்று என்று எழுதினார். வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. பழைய சீட்டை நாங்களே எடுத்து நீட்டினோம், அது மேசையிலேயே கிடந்தது. எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு “வீக்கம் வடியிற வரைக்கும்” என்றார்.

வீக்கம் வடியவில்லை. அடுத்த முறை போனபோது காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று கூட்டிவிட்டார். இந்த மருந்து விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். 6 முதல் 8 மணி நேரம்வரை அதன் வேகம் இருக்கும். அதனால்தான் காலையில் கொடுப்பார்கள், இரண்டாம் வேளை தேவைப்பட்டாலும் பிற்பகலோடு முடித்துக்கொள்வார்கள். வயதானவருக்கு இரவில் கொடுத்தால் இருட்டில், தலைசுற்றலோடு, திரும்பத் திரும்பக் கழிவறைக்கு எழுந்து ஓட வேண்டியதுதான். அம்மா அப்படித்தான் ஓடினார்.

அப்புறம் ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. உடம்பு ஓய்ந்துபோனது, நெஞ்சு படபடத்தது. தொலைபேசியில் சொன்னதற்கு “வயசாச்சு இல்லையா” என்றார்கள். மருந்துக்கடையில் நீர் மாத்திரைச் சீட்டைக் காட்டும்போதெல்லாம் ஒரு கேள்வியும் இல்லாமல் மாத்திரை கிடைத்தது. மூட்டுவலி என்றதும் டைக்ளோஃபெனாக் அட்டை ஒன்றையும் அதே பையில் போட்டுத் தந்தார்கள். அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, நீர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் அடி வாங்கும். பிரஷருக்கு எனலாபிரில், டெல்மிசார்ட்டன் போன்றவையும் கூட இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மருந்து விற்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

ஒரு நாள் எழுந்து நிற்கும்போதே சரிந்துவிட்டார். வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஃபுரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியம் என்ற உப்பையும் வெளியேற்றிவிடும். ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அம்மாவுக்கு 3-க்கும் கீழே போயிருந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. பொட்டாசியம் இப்படி இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம் என்று சொல்லி மானிட்டர் மாட்டி வைத்துப் பார்த்தார்கள்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அடுத்தது. அங்கிருந்த மருத்துவர் அந்தப் பழைய சீட்டைப் படித்தார். பிரஷருக்கு அம்லோடிபின். வீக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் அதை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கியிருந்தார்கள். கால் வீக்கம் அம்லோடிபினின் நன்கு தெரிந்த பக்கவிளைவு, அளவு கூடினால் அதுவும் கூடும். நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வருகிற வீக்கம் என்பதால், சிறுநீரை எவ்வளவு வெளியேற்றினாலும் பெரிதாகக் குறையாது. அந்த மாத்திரையை மாற்றினார்கள், வீக்கம் வடிந்தது. முதல் நாளே சீட்டைப் புரட்டியிருந்தால் ஃபுரோசமைடே தேவைப்பட்டிருக்காது.

நீர் மாத்திரையே கெட்டது என்று சொல்ல வரவில்லை. இதயம் பலவீனமானவர்களுக்கும், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோயால் நீர் கோத்தவர்களுக்கும் இது மிகவும் வேண்டிய மருந்து. தயவுசெய்து இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் எழுதித் தரும்போதே கேளுங்கள்: வீக்கம் எதனால் வந்தது, மாத்திரை எந்த வேளைக்கு, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் எப்போது பார்க்க வேண்டும்? மாத்திரை தொடங்கியோ அளவை மாற்றியோ ஓரிரு வாரத்தில் பார்ப்பதுதான் வழக்கம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், அன்றைய மாத்திரையைப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோயாளி என்றால் தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று. பொட்டாசியம் குறையும் என்று கேள்விப்பட்டு, தாமாகவே பொட்டாசியம் மாத்திரையும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பைரனோலாக்டோனும் நீர் மாத்திரைதான், ஆனால் அது பொட்டாசியத்தை வெளியே விடாமல் நிறுத்தி வைக்கும். அதோடு இவையும் சேர்ந்தால் பொட்டாசியம் அளவு மீறி, இதயம் நின்றுபோகவும் கூடும். ஆகவே அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் படித்து, இது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு காலில் மட்டும் திடீரென்று வலியோடு வீங்கினால் மருந்துக்கடைப் பக்கம் போகவே வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். எந்த நீர் மாத்திரையும் அதைக் கரைக்காது.