வேறு ஃபோல்டரிலிருந்து மாட்யூல் ஏற்ற எது தேவலை: நோட்_பாத்தா, முழுப் பாதையா, கிரியேட்ரெக்வயரா?

நான் எழுதிய கமாண்ட் லைன் கருவி ஓரிடத்தில் இருக்கும், அதைப் பயன்படுத்துபவரின் புராஜெக்ட் வேறிடத்தில் இருக்கும். அவர் தன் புராஜெக்டில் நிறுவிய பிளக்இன்னை (கூடுதல் வசதி தரும் மாட்யூலை) என் கருவி ஏற்ற வேண்டும். சிக்கல் என்னவென்றால், நோட் ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) மாட்யூலை ஏற்றும் ரெக்வயர் என்ற கட்டளை, தான் எழுதப்பட்ட ஃபைல் இருக்கும் இடத்திலிருந்துதான் தேடும். டெர்மினலில் எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டினாலும் அது மாறாது.

நோட்_பாத் என்ற சூழல் மாறியில் ஃபோல்டரைக் கொடுப்பது பழைய வழி. ஒவ்வொருவரும் தன் கணினியில் அதை அமைக்க வேண்டும். மாட்யூலை ஏற்றும் புதிய வழியான இம்போர்ட் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் உடனே விட்டுவிட்டேன்.

அடுத்து, புராஜெக்டின் பாதையோடு, நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் பிளக்இன் பெயரையும் ஒட்டி முழுப் பாதையாக ரெக்வயரிடம் கொடுத்தேன். ஒரே வரிதான், நன்றாகவும் ஓடியது. பல பேக்கேஜ்கள் ஒன்றாக இருக்கும் மோனோரெப்போவில் மாட்டிக்கொண்டது: அங்கே பிளக்இன் மேல் ஃபோல்டரின் நோட்_மாட்யூல்ஸில் இருந்தது. சரி என்று, மேலே மேலே ஏறித் தேடும் லூப் ஒன்று எழுதினேன். அப்புறம், பேக்கேஜின் விவர ஃபைலான பேக்கேஜ் டாட் ஜேசானில், எந்த ஃபைலை ஏற்றுவது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் மட்டும் வைத்து, அதே வேலைக்கான பழைய மெயின் இல்லாத பிளக்இன் வந்தது. பாதையைக் கொடுத்து ஏற்றும்போது எக்ஸ்போர்ட்ஸை நோட் பார்ப்பதில்லை, அதற்கும் ஒரு ஒட்டு. நோட் ஏற்கெனவே செய்யும் தேடலை நான் அரைகுறையாக மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன், அதைக் காலம் முழுக்கப் பராமரிக்கும் பொறுப்பும் என் தலையில். என்னைப் பொறுத்தவரை முடிவை நிர்ணயித்தது இந்தப் பராமரிப்புதான்.

கிரியேட்ரெக்வயர் நோட்டின் 12.2 பதிப்பில் வந்தது. ஒரு ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்தால், அந்த ஃபைலுக்குள் எழுதியது போலவே தேடும் ரெக்வயர் ஒன்று கைக்கு வரும். மேலே ஏறுவது, எக்ஸ்போர்ட்ஸைப் படிப்பது எல்லாம் நோட்டின் வேலை. என் லூப்பையும் ஒட்டுகளையும் அழித்துவிட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் கடைசியில் சாய்கோடு கட்டாயம். '/வேலை/கணக்கு' என்று கொடுத்தால் 'கணக்கு' என்பதை ஃபைலாக எடுத்துக்கொண்டு '/வேலை'யிலிருந்து தேடும். மோனோரெப்போவில் பிளக்இன் மேலேயே இருந்ததால் இந்தப் பிழை எனக்கு நெடுநாள் தெரியவில்லை. இப்போது '/வேலை/கணக்கு/பேக்கேஜ்.ஜேசான்' என்றே கொடுக்கிறேன். சாய்கோட்டை மறக்கும் பேச்சே இல்லை.

மாட்யூல் இருக்கும் இடத்தைச் சொல்லும் ரெக்வயர் டாட் ரிசால்வுக்கு, தேட வேண்டிய இடங்களை பாத்ஸாகக் கொடுப்பதும் ஏறக்குறைய இதே பலன் தரும். ஆனால் பாதை மட்டும்தான் கிடைக்கும், ஏற்றுவது தனி வேலை. ஒரே ஒரு பேக்கேஜ் என்றால் அது போதும். உங்கள் சொந்தப் புராஜெக்டுக்குள்ளேயே '../../../' நீள்வதுதான் தொல்லை என்றால் இவை எதுவும் வேண்டாம், பேக்கேஜ் டாட் ஜேசானின் இம்போர்ட்ஸ் பகுதியில் '#' என்று தொடங்கும் சுருக்கப் பெயர் வைத்தால் போதும். பிரவுசரில், மாட்யூல் பெயர் எந்த முகவரியைக் குறிக்கும் என்று சொல்லும் இம்போர்ட் மேப் உண்டு, ஃபோல்டர்வாரியாகப் பெயர்களை மாற்ற ஸ்கோப்ஸும் அதில் இருக்கிறது. சிறிய பக்கங்களில்தான் அதைத் தொட்டிருக்கிறேன், பெரிய புராஜெக்டுக்குப் பரிந்துரைக்கும் அளவு பழக்கமில்லை.

கிரியேட்ரெக்வயருக்கும் ஒரு குறை உண்டு. எக்ஸ்போர்ட்ஸில் 'இம்போர்ட்' நிபந்தனை (இம்போர்ட்டால் ஏற்றும்போது மட்டும் பொருந்துவது) மட்டும் வைத்த பிளக்இன்னை அது கண்டுபிடிக்காது. எப்படி ஏற்றினாலும் பொருந்தும் 'டிஃபால்ட்' என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொல்லி, பிளக்இன் எழுதுபவர்களுக்கான குறிப்பின் முதல் வரியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.