வாடூஸுக்கு நடந்து இறங்க: மால்புன்னா, ட்ரீசன்பெர்க்கா?

லிக்டன்ஸ்டைன் தலைநகர் வாடூஸுக்கு மலையிலிருந்து நடந்தே இறங்க ஆசையா? எங்கே தொடங்குவது என்பதுதான் குழப்பம். இரண்டு ஊருக்கும் வாடூஸிலிருந்து பேருந்து உண்டு.

இறக்கம்: மால்புன் சுமார் 1,600 மீட்டர் உயரம், வாடூஸ் 455. முழங்கால் கெஞ்சும். ட்ரீசன்பெர்க்கிலிருந்து அதில் பாதிகூட இல்லை.

நேரம்: மால்புன் முழு நாள், ட்ரீசன்பெர்க் அரை நாளே அதிகம்.

வழி: மால்புன் பாதையில் மேய்ச்சல் நிலங்கள், ஸ்டேக் சிற்றூர். அப்புறம் குல்ம் கணவாய்க்கு ஓர் ஏற்றம். வெறும் இறக்கம்தானே என்று கிளம்பிவிடாதீர்கள். ட்ரீசன்பெர்க்கில், சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியிலிருந்து வந்து குடியேறிய வால்சர் மக்களின் அருங்காட்சியகம். கீழே ரைன் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். அந்தக் காட்சிக்காகவே போகலாம்.

குழந்தைகளோடு என்றால் ட்ரீசன்பெர்க். பழகிய கால்களுக்கு மால்புன். களைத்தால் வழியில் ட்ரீசன்பெர்க்கில் பேருந்து ஏறிக்கொள்ளலாம்.