பழைய மாருதி 800-க்கு மேட் பெயிண்ட்: பேட்டைப் பக்கத்துப் பட்டறை

பம்பர், லைட், கண்ணாடி ரப்பர் எல்லாம் நீங்களே கழற்றிவிட்டு வண்டியைக் கொண்டுவந்தால் கூலி குறையும் என்று பட்டறைக்காரர்களே சொன்னார்கள், அதுவே எனக்குப் பிடித்துவிட்டது. துருப்பிடித்த இடத்தைத் தகடு தெரியத் தேய்த்து, பட்டி போட்டு, பிரைமர் அடித்து, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் இழைத்த பிறகுதான் கலரைத் தொட்டார்கள். கலருக்கு மேல் அடிக்கும் பளபளப்பில்லாத மேட் கிளியர் பூச்சில் தூசி விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது, அதனால் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, ரோட்டில் லாரி ஓட்டம் அடங்கிய பிறகு அடித்தார்கள். அந்தக் கவனத்துக்கே காசு கொடுக்கலாம்! பானெட் இப்போது கரும்பலகை மாதிரி இருக்கிறது, நம்ம ஊர் உச்சி வெயிலிலும் கண் கூசவில்லை. கதவு இடுக்கில் மட்டும் பழைய வெள்ளை தெரிகிறது, அது குறைதான். அப்புறம், வாக்ஸ் பக்கமே போகாதீர்கள், திட்டுத்திட்டாக மின்னும். கலர் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.