அன்றைக்கே மீன் விடுகிறேன் என்பவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்

வீட்டு வளவில் அக்குவாபோனிக்ஸ், அதாவது ஒரே தண்ணீரைச் சுற்ற விட்டு மீனும் கீரையும் வளர்க்கும் முறை, போட்டுத் தருகிறோம் என்று மட்டக்களப்பில் ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு 240,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன் நான். பெயரை எழுதவில்லை. பெயரை மாற்றிக்கொண்டும் வரலாம், வேலை செய்யும் விதம் மாறாது.

எங்கள் வீடு கல்லடியில். வெறும் கடல் மணல், எதை நட்டாலும் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. சந்தைக் கீரைக்கு மருந்து அடிக்கிறார்கள் என்று மனைவிக்குப் பயம். இந்த இரண்டும் அந்த ஆளுக்கு வசதியாகப் போய்விட்டன. கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். மேலே கங்குன் கீரை, கீழே திலாப்பியா மீன். "நாற்பது நாளில கீரை, ஆறு மாசத்தில மீன். நீங்க தீனி மட்டும் போட்டாச் சரி அண்ணன்." மீன் கழிவு செடிக்குப் பசளையாகிறது என்பதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் நானும் மயங்கினேன்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை சாமான் வந்து இறங்கியது. 1,000 லீற்றர் தாங்கி ஒன்று, நீளவாக்கில் அறுத்த நீலப் பிளாஸ்டிக் பரல்கள், சின்ன மோட்டர் ஒன்று, லான்ட்மாஸ்டர் (சின்ன உழவு இயந்திரம்) பெட்டி நிறைய வெள்ளைக் கல். மதியத்துக்குள் பைப் பூட்டி, குழாய்த் தண்ணீர் நிரப்பி, மூன்று மணிக்கு 300 மீன் குஞ்சுகளைப் பையோடு கொண்டுவந்து ஊற்றினார்கள். எனக்குப் பெரிய சந்தோசம். ஒரே நாளில் வேலை முடிந்ததே!

அந்த ஒரே நாள்தான் மோசடி. எனக்கு அது விளங்க இரண்டு வாரம் பிடித்தது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். காற்றுப் படும்படி ஒன்றிரண்டு நாள் வைத்தாலே பெரும்பாலும் போய்விடும், அதற்கும் அவருக்குப் பொறுமை இல்லை. ஆனால் பெரிய விசயம் வேறு. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அமோனியா வரும், அது மீனுக்கே நஞ்சு. கல்லில் ஒட்டி வளரும் ஒரு வகை பாக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும், செடி உறிஞ்சுவது அதைத்தான். இந்தப் பாக்டீரியாக்கள் வந்து குடியேறி நிலைக்க நான்கிலிருந்து ஆறு கிழமை வேண்டும். எங்கள் தாங்கியில் அவற்றுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை பார்த்தால் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பதினொன்று மிதந்தன. போன் எடுத்தேன். "தீனி கூடிப் போச்சு அண்ணன், குறையுங்க." குறைத்தேன். ஐந்தாம் நாள் நாற்பதுக்கு மேல் போனது. திரும்பவும் போன். "பாக்டீரியா போத்தல் ஒண்டு இருக்கு, 4,500 ரூபா, அனுப்பிவிடவா?" அதையும் வாங்கினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கடைசியில் அலங்கார மீன் கடையில் அமோனியா பார்க்கும் கிட் ஒன்று வாங்கினேன். மஞ்சள் நிறம் வந்தால் நல்லது. எங்கள் தண்ணீர் கரும்பச்சையாக வந்தது.

எண்ணிக்கையும் அநியாயம். 1,000 லீற்றருக்கு 10 முதல் 20 கிலோ மீன் என்பதுதான் வீட்டு அளவுக்கு ஐ.நா. உணவு விவசாய அமைப்பு சொல்லும் கணக்கு. 300 குஞ்சும் அரைக் கிலோ ஆனால் 150 கிலோ! அவர் குஞ்சுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டவர், அவருக்கு 300 தான் இலாபம்.

இனி கல்லின் கதை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் வேலியருகே வந்து பார்த்துவிட்டு, "இது முருகைக்கல்லெல்லா மனே, எங்கட அப்பா இதைத்தானே சூளையில போட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர்" என்றார். முருகைக்கல் என்றால் கடலில் கிடைக்கும் பவளப்பாறைக் கல். நான் சிரித்தேன். உயர்தரம் படிக்கும் மகள் சிரிக்கவில்லை. குசினிக்குள் போய் வினாகிரிப் போத்தலை எடுத்து வந்து ஒரு கல்லில் ஊற்றினாள். சோடாப் போத்தல் திறந்ததுபோல் நுரைத்தது. சுண்ணாம்பு இருந்தால் அப்படித்தான் நுரைக்கும்.

சுண்ணாம்புக் கல் கரையக் கரையத் தண்ணீரின் பி.எச்., அதாவது காரத்தன்மை, ஏறும். ஏறினால் அதே அளவு அமோனியா மீனுக்கு இன்னும் கூடிய நஞ்சாகும், வெயில் காலச் சூடும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். செடிக்கும் இரும்புச் சத்து எட்டாது. கங்குன் இளம் இலை நரம்பு பச்சையாகவும் மிச்சம் மஞ்சளாகவும் நின்றது அதனால்தான். "கீரைக்கு நோய்" என்று ஒரு ஸ்பிரே விற்கப் பார்த்தார் அந்த ஆள், நல்லவேளை அதற்குள் மகள் கண்டுபிடித்துவிட்டாள். மீன் தாங்கிக்குத் தண்ணீர் திரும்பும் செடிக்கு யாராவது பூச்சிமருந்து அடிப்பார்களா?

உண்மையில் அவர் கள்ளனா, ஒன்றும் தெரியாமல் தொழிலில் இறங்கியவரா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை. காசு திருப்பிக் கேட்ட பிறகு நடந்ததை வைத்துப் பார்த்தால் முதலாவதுதான். "நாளைக்கு வாறன் அண்ணன்", "வெள்ளிக்கிழமை வாறன்", பிறகு சித்திரை வருடம், பிறகு அவருடைய மாமியாருக்குச் சுகமில்லை. இப்படியே மூன்று மாதம் ஓடியது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவதென்றால் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியும்போது நாள் கடந்துவிட்டது. கையில் பில்லும் இல்லை, கொப்பித் தாளில் கிறுக்கிய ஒரு கணக்கு மட்டும். நீங்கள் பில் கேட்டு வாங்குங்கள், உத்தரவாதத்தையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். தகராறு வந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

இப்படி யாராவது உங்களிடம் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். தண்ணீர் ஓட்டத் தொடங்கி எத்தனையாம் நாள் மீன் விடுவீர்கள்? கரண்ட் போனால் காற்றுக்கு என்ன வழி? எங்களுக்கு பேட்டரி பம்ப் எதுவும் வைக்கவில்லை, ஒரு இரவு கரண்ட் இல்லாமல் மகளும் நானும் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினோம். பரலையும் மணந்து பாருங்கள். எங்களுடையதில் ஒன்றின் லேபிளைச் சுரண்டியிருந்தார்கள். அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் கீரை சாப்பிட மனம் வரவில்லை, அந்தப் பரலைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

மிஞ்சியது 26 குஞ்சு. கல்லை முழுவதும் மாற்றிக் கழுவிய கருங்கல் சல்லி போட்டோம். அமோனியா குறையும்வரை தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினோம். தீனி ஒரு சிட்டிகை. ஏழாம் கிழமை கிட்டில் மஞ்சள் வந்தது. மேற்கொண்டு குஞ்சு தேவைப்பட்டால் அம்பாறைப் பக்கம் இங்கினியாகலையில் அரசாங்க மீன் குஞ்சு நிலையம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவசரமில்லை. கங்குன் இரண்டு தரம் வெட்டியாயிற்று. அந்த முருகைக்கல்லை கேற்றடியில் மழைக்குச் சேறாகும் இடத்தில் கொட்டியிருக்கிறோம், அதற்கு அது நல்ல கல்தான்.