ஒல்லாந்தர் காலத்து மணியா? துளையைப் பாருங்கள்

திருகோணமலையில் யாராவது சிவப்பு மணிமாலை ஒன்றை நீட்டி, "ஐயா, அசல் சூதுபவளம், ஒல்லாந்தர் காலத்துச் சாமான்" என்றால், நிறத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். சூதுபவளம் என்பது பவளமல்ல, ஒரு சிவப்புக் கல். அந்த நிறத்தைக் கண்ணாடியிலும் கொண்டுவரலாம், பழைய அழுக்கையும் பூசலாம். மணியைச் செய்த விதம் துளையிலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான் பதிந்திருக்கும். பத்து மடங்கு லென்ஸும் போன் வெளிச்சமும் போதும். சிலர் தீக்குச்சி பிடித்துப் பார்ப்பார்கள், நூல்தான் கருகும்.

கல்லென்றால் துளையைக் கடைந்துதான் எடுக்க வேண்டும். குஜராத்தின் கம்பாத்தில் போல இரண்டு முனையிலிருந்தும் கடைந்தால், நடுவில் சந்திக்கும் இடம் சற்று விலகிச் சின்னப் படியாகத் தெரியும். உள்ளே உருண்டைக் காற்றுக்குமிழி கண்டால் அது கண்ணாடி. கல் விலை பேசத் தேவையில்லை.

கண்ணாடியில் இழுத்த மணியையும் சுற்றிய மணியையும் பிரிப்பது சுலபம். உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கியதென்றால் கோடும் குமிழியும் துளையின் போக்கிலேயே நீளும். கம்பியில் சுற்றியதென்றால் துளையைச் சுற்றி வளைந்து ஓடும். பழைய துறைமுகங்களான மாந்தையிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த சின்னக் கண்ணாடி மணிகளில் இழுத்தவை ஏராளம். அதற்காக இழுத்ததெல்லாம் பழசு என்று துள்ளக்கூடாது. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அதே தொழில் நம் காலத்திலும் நடந்தது.

ஆளை ஏமாற்றுவது அச்சில் அழுத்திய கண்ணாடி மணியும் ப்ரொஸ்ஸர் என்ற பீங்கான் மணியும்தான், ஏனென்றால் இரண்டிலும் அச்சுத் தடம் உண்டு. இன்றைய செக் நாட்டிலுள்ள பொகீமியாவில், குறிப்பாக யாப்லோனெட்ஸ் பக்கம், இளகிய கண்ணாடிக் கோலை அச்சுக் குறட்டில் அழுத்தி, ஊசியால் துளை போட்டார்கள். ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போன போலிச் சூதுபவளத்தில் நிறைய இந்த வகை. மெருகேற்றும்போது தடம் தேய்ந்துவிடுவதுண்டு, ஆனால் கண்ணாடியின் ஓட்டமும் குமிழியும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

ப்ரொஸ்ஸர் மணியில் அந்த ஓட்டமே இராது, ஏனென்றால் அது உருக்கி வார்த்ததல்ல. பீங்கான் மாவை அச்சில் இறுக்கிப் பிறகு சுட்டது. பிரான்சில் பாப்தெரோஸ் என்பவர், மாவு பிடிப்பதற்காகப் பாலையும் கலந்தார். நடுவே சுற்றி ஒரு பட்டை, ஒரு முனை வழவழப்பு, மறுமுனை தோடம்பழத் தோல் மாதிரிக் குழிகுழியாக இருக்கும். நான் ஒரே ஒரு குறியை நம்பவேண்டுமென்றால் இந்த மறுமுனையைத்தான் நம்புவேன்.

இழுத்ததும் சுற்றியதும் செய்முறையைச் சொல்லும், வயதைச் சொல்லாது. ப்ரொஸ்ஸர் மணி வயதின் மேல்எல்லையையும் சொல்லிவிடும். ரிச்சர்ட் ப்ரொஸ்ஸர் இந்தச் செய்முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1840இல். திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் ஆங்கிலேயரிடம் இழந்தது 1795இல்.