தர்மபுரியில வாங்குன எண் தொடர் புக்கு, 180 ரூபாய்க்கு ஒர்த்தா?

போன மாசம் தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு புத்தகக் கடையில, எண் தொடர் மட்டுமே இருக்கற பயிற்சி புக்கு ஒண்ணு வாங்குனேன், நீல அட்டை, 180 ரூபா. பாலக்கோட்டுல எங்க தெருவுல குரூப் 4க்கு படிக்கறவங்க ஏழெட்டு பேரு சாயங்காலம் எங்க வீட்டு திண்ணைக்கு வருவாங்க, கணக்கு மட்டும் நான் சொல்லித் தர்றேன். அவங்களோட உக்காந்து மூணு வாரம் முழுசா போட்டு பாத்துட்டுதான் இத எழுதறேன்.

முதல் பாதி நல்லா இருக்குங்க. எழுத்து பெருசு, பக்கத்துலயே போட்டு பாக்க இடம் விட்டிருக்காங்க, சுலபத்துல ஆரம்பிச்சு மெதுவா ஏத்திட்டு போறாங்க. எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி 5, 11, 23, 47, அடுத்து என்ன? ஒரு பையன் ரெண்டால பெருக்கி 1 கூட்டி 95 சொன்னான், இன்னொரு பொண்ணு வித்தியாசம் 6, 12, 24ன்னு போகுது அப்ப அடுத்தது 48, அதனால 95ன்னு சொல்லிச்சு. வழி ரெண்டு, பதில் ஒண்ணு. கேள்வின்னா இப்படி இருக்கணும்.

பின்பாதிக்கு போனாதான் பிரச்சனை. 2, 4, 8, அடுத்து? ஆப்ஷன்ல 14ம் இருக்கு 16ம் இருக்கு. ரெண்டு ரெண்டு மடங்கா போனா 16, வித்தியாசம் 2, 4, 6ன்னு போனா 14, ரெண்டுமே சரிதான். விடைப் பக்கத்துல 16ன்னு மட்டும் போட்டிருக்கான், ஏன்னு ஒரு வரி விளக்கம் இல்ல. 14 போட்ட பொண்ணு "அண்ணா எனக்கு இந்த கணக்கு வராது போல"ன்னு சொல்லி நோட்டை மூடி வச்சிருச்சு. அந்த பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, மூணே நம்பர் குடுத்துட்டு கேட்டவன் மேலதான் தப்பு, அத புரிய வைக்கறதுக்குள்ள எனக்கு அரை மணி நேரம் ஆச்சு.

இதே மாதிரி 4, 6, 9, 14ன்னு ஒண்ணு. வித்தியாசம் 2, 3, 5. பகா எண்ணா எடுத்தா அடுத்து 7, பதில் 21. முன்னாடி ரெண்டையும் கூட்டுனா அடுத்து 8, பதில் 22. இன்னும் ஒரே ஒரு நம்பர் சேத்து குடுத்திருந்தா குழப்பமே இல்ல. ரெண்டு தொடர கலந்து குடுக்கறதுலயும் இதே கதைதான், 3, 20, 6, 17 அடுத்து என்னன்னா எப்படிங்க, 3, 6க்கு அப்பறம் 9ம் வரலாம் 12ம் வரலாம். 3, 20, 6, 17, 9, 14ன்னு ஆறு நம்பர் குடுத்துட்டு கேட்டா தைரியமா 12ன்னு எழுதலாம்.

கணக்கா பாத்தா எத்தனை நம்பர் குடுத்தாலும், அடுத்தது எந்த நம்பர் வந்தாலும் அதுக்கும் ஒரு ஃபார்முலா எழுதிட முடியும். 1, 2, 4, 8, 16க்கு அப்பறம் 32ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா வட்டத்து மேல புள்ளி வச்சு எல்லாத்தையும் கோடு போட்டு இணைச்சு அதிகபட்சம் எத்தனை துண்டு வருதுன்னு எண்ணிட்டு போனா ஆறாவது புள்ளிக்கு 31தான் வரும். அதனால வேற ரூலே இருக்கக்கூடாதுன்னு நான் கேக்கல. சுலபமான ரூல் ஒண்ணு பளிச்சுன்னு தெரியணும், அதே அளவு சுலபமான இன்னொரு ரூலோட பதில் ஆப்ஷன்ல வரக்கூடாது, அவ்வளவுதான்.

அச்சுப் பிழை வேற. 3, 8, 15, 24, 36, 48ன்னு போட்டிருக்கு, அங்க 35 இருக்கணும், வர்க்கத்துல ஒண்ணு கம்மி, அடுத்தது 63. அந்த ஒரு நம்பருக்கு ஒரு சாயங்காலமே போச்சு. பரீட்சையில 3 மணி நேரத்துக்கு 200 கேள்வி, ஒண்ணுக்கு 54 செகண்டுதான், திறனறிவுல 25 கேள்வி, ஒவ்வொண்ணும் ஒன்றரை மார்க். இப்படி தப்பா பழகிட்டு போனா ஹால்ல கை நடுங்கும்ங்க.

கடைக்காரர்கிட்ட சொன்னேன், பாவம் அவரு என்ன பண்ணுவாரு, பதிப்பகத்துக்கு எழுதி போடுங்கன்னாரு. தப்பா இருக்கற கேள்வி எல்லாம் பக்கம் போட்டு எழுதி அனுப்பிட்டேன், இன்னும் பதில் வரல.

இப்ப நானே கேள்வி எழுதறேன். எழுதி முடிச்சதும் ரூல் சொல்லாம ரெண்டு பேருகிட்ட தனித்தனியா குடுப்பேன், ரெண்டு பேரும் காரணத்தோட வேற வேற பதில் சொன்னா இன்னொரு நம்பர் சேத்துட்டு மறுபடி குடுப்பேன்.

அஞ்சுக்கு ரெண்டரை குடுக்கறேன். முதல் பாதிக்காக வாங்கலாம், சொல்லித்தர கூட ஒருத்தர் இருந்தா மட்டும். தனியா படிக்கறவங்க இத வாங்காதீங்க.