ராணிப்பேட்டை குரோமியக் கழிவு: தோண்டி எடுப்பதா, மூடி வைப்பதா?

மழை விட்ட மறுநாள் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் தேங்கும் நீர் மஞ்சளாக நிற்கும். 1990களில் மூடப்பட்ட குரோமேட் (குரோமிய உப்பு) ஆலை விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலிருந்து கசியும், '6 இணைதிறன்' எனப்படும் நச்சு வடிவக் குரோமியத்தின் நிறம் அது. புற்றுநோய் தரக்கூடியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

தோண்டி எடுத்துப் பாதுகாப்பான குழிக்குக் கொண்டுபோனால் நிலம் மீளும். பிறகு வீடோ பள்ளியோ கட்ட யோசிக்கலாம். ஆனால் பத்து டன் லாரி என்றால் பத்தாயிரம் நடைக்கு மேல். தார்ப்பாய் சரியாகக் கட்டாத ஒரு லாரி போதும், தெருவோர வீட்டுக் கொடியில் காயும் துணியெல்லாம் நச்சுத் தூசி. கொண்டுபோய்க் கொட்டும் இடத்துக்குப் பக்கத்திலும் ஊர் இருக்கத்தானே செய்கிறது?

மூடி வைப்பது என்றால் களிமண், தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, மேலே மண். செலவு குறைவு, சீக்கிரம் முடியும், மழைநீர் உள்ளே இறங்காது. அடியில் நிலத்தடி நீர் ஏறினால்? ஆகவே நீரை இறைத்து, ஃபெரஸ் சல்பேட் கலந்து, குரோமியத்தை நச்சு குறைந்த '3 இணைதிறன்' வடிவுக்கு மாற்றிப் படியவைக்க வேண்டும். பல ஆண்டு வேலை. அங்கே ஆழ்துளைக் கிணறும் போட முடியாது.

குவியலை மழைக்கு முன் மூட வேண்டும், குடியிருப்பை ஒட்டிய மண்ணை மட்டும் தோண்ட வேண்டும் என்பதே என் கட்சி. செலவா? மாசுபடுத்தியவரே கொடுக்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் ஆலை வழக்கிலேயே சொல்லிவிட்டது. வேலை முடியும்வரை சுற்றுத் தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வரட்டும்.